கணனிக் கடிகாரமும் ‘ஒருமுறை’ என்னும் அனுமதியும்

சங்க நூல்களுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டிலே, பாசறையில் தங்கிய அரசனுக்குப் பொழுதை அளந்தறிந்து கூறும் நாழிகைக் கணக்கர் குறிக்கப்படுகின்றனர். நீர் வட்டிலைக் கொண்டு கழிந்த நாழிகை இத்துணை என்று அவர்கள் அரசனுக்கு அறிவிப்பர். அவர்களைப் பொய் கூறாத மாந்தர் என்று புலவர் சிறப்பித்திருப்பது கருதத்தக்கது. வட்டிலைப் பார்ப்பவர் அவர்கள். அரசன் அதனைப் பார்ப்பதில்லை. அவர்கள் கூறும் நாழிகையே அவனுக்கு நாழிகை. ஆதலின் அவர்களிடத்து வேண்டப்பட்ட முதற்குணம் கணித அறிவன்று, வாய்மையே எனலாம். இன்று உலகெங்கணும் இயங்கும் கணனிகளின் நிலையும் ஏறக்குறைய அவ்வரசன் நிலையே. அவை தம் கடிகாரத்தைத் தாமே முழுதும் நம்புவதில்லை. தொலைவிலுள்ள வேறொரு கணனியைக் கேட்டு, அது கூறும் நேரத்துக்கு இயையத் தம்மைத் திருத்திக்கொள்கின்றன. அவ்வாறு திருத்தும் மென்பொருளொன்றில், ‘ஒருமுறை மட்டும்’ என்று எழுதிவைத்த அனுமதியொன்று பலமுறை பயன்படத்தக்கதாய்க் கிடந்தமை 2015 ஆம் ஆண்டிலே வெளிப்பட்டது. அவ்வழு தோன்றிய வகையும் அதனால் விளையத்தக்க கேடும் அது நீக்கப்பட்ட முறையும் ஈண்டு விளக்கப்படும்.

கணனியினுள் இருக்கும் கடிகாரம் குவாட்ஸ் பளிங்கொன்றின் அதிர்வை எண்ணிக் காலத்தை அளப்பது. கைக்கடிகாரத்துப் பளிங்கு செக்கனுக்கு 32,768 தடவை அதிருமாறு வெட்டப்பட்டிருக்கும். ஆயின் எந்தப் பளிங்கும் குறித்த மீடிறனில் அணுவளவும் பிசகாது அதிர்வதில்லை. வெப்பம் ஏறினும் இறங்கினும் அதன் அதிர்வு வேறுபடும்; பளிங்கு முதுமையடைந்தாலும் வேறுபடும். பத்து இலட்சத்தில் இருபது பங்கு பிழைபடும் பளிங்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.7 செக்கனும், மாதமொன்றுக்கு ஏறக்குறைய 52 செக்கனும் தவறும். வீட்டுச் சுவரில் தொங்கும் கடிகாரத்துக்கு இது பெரும் பிழையன்று. கணனிகள் ஒன்றோடொன்று பேசும் உலகில் இது பொறுக்கத்தக்க பிழையன்று. பரவலாகப் பயிலும் கேபரோஸ் என்னும் அடையாளச் சோதனை முறை, இரு கணனிகளின் நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபடின் பொதுவாக இசைவு மறுத்துவிடும். வங்கிக் கணக்கினுள் நுழைவதற்குக் கைத்தொலைபேசி காட்டும் ஆறிலக்க எண்களுட் பல 30 செக்கனுக்கொருமுறை மாறுவன.

இக்குறையை நீக்குதற்பொருட்டு எழுந்ததே வலையமைப்பு நேர நெறிமுறை என்பது. ஆங்கில முதலெழுத்துக்களால் என்.ரி.பி. என்று வழங்கப்படும் இதனை வகுத்தவர், ஐக்கிய அமெரிக்காவிலே டெலவெயர்ப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராயிருந்த டேவிட் மில்ஸ் என்பவர். இந்நெறிமுறையின் முதல் ஆவணம் 1985 செத்தெம்பரிலும், நான்காம் பதிப்பின் விதிகள் 2010 சூனிலும் வெளியிடப்பட்டன. பிறவியிலேயே கண்ணோய்க்கு ஆளாகிப் பிற்காலத்தே பார்வையை இழந்த மில்ஸ், தம் 85 ஆம் வயதில் 2024 சனவரியிலே காலமானார். அவரும் அவரோடு உழைத்தோரும் எழுதிய என்.ரி.பி.டி. என்னும் செய்ந்நிரல், கணனியின் பின்னணியில் ஓயாது இயங்கி, நேரத்தைக் கேட்பதும் கேட்டோர்க்குக் கூறுவதுமாகிய இரு தொழிலையும் செய்வது. இக்கட்டுரையிற் கூறப்படும் வழு அச்செய்ந்நிரலுக்கு உரியது.

நேரத்தைக் கேட்டறிதல் தோன்றும் அளவுக்கு எளிதன்று. கேள்வி போய்ச் சேர்வதற்கும் விடை வந்து சேர்வதற்கும் காலம் செல்லும். வந்து சேர்ந்த விடை அதற்குள் பழையதாகிவிடும். இத்தடையை மில்ஸ் வகுத்த முறை நான்கு நேரங்களைக் குறித்துக்கொள்வதனாற் கடக்கிறது. கேட்கும் கணனி தன் கடிகாரப்படி சரியாகப் பத்து மணிக்குக் கேள்வியை அனுப்புகிறதெனக் கொள்க. சேவையகம் அதனைத் தன் கடிகாரப்படி 10 மணி 5.050 செக்கனுக்குப் பெற்று, 5.060 செக்கனுக்கு விடையை அனுப்புகிறது. கேட்ட கணனி தன் கடிகாரப்படி 10 மணி 0.110 செக்கனுக்கு அதனைப் பெறுகிறது. போகும்போது தோன்றும் வேறுபாடு 5.050 செக்கன், வரும்போது தோன்றும் வேறுபாடு 4.950 செக்கன். இரண்டன் சராசரி 5 செக்கன். ஆகவே கேட்ட கணனி ஐந்து செக்கன் பிந்தியுள்ளது என்பதும், வழிப்பயணத்துக்குச் சென்ற காலம் 0.100 செக்கன் என்பதும் ஒருங்கே பெறப்படும். போகும் வழியும் வரும் வழியும் சம காலத்தன என்னும் எடுகோளே இதன் அடிப்படை. ஒரு சேவையகத்தை மட்டும் நம்பாது பலவற்றைக் கேட்டு, அவற்றுள் ஒத்துக் கூறுவனவற்றைக் கொண்டு ஒவ்வாதனவற்றைத் தள்ளும் வழக்கமும் இம்முறைக்கு உண்டு.

இவ்வாறு பரிமாறப்படுவது உலகப் பொது நேரமேயன்றி நாட்டு நேரம் அன்று. இலங்கையிலே 1996 இல் இருதடவை மாற்றப்பட்ட நியம நேரம் 2006 ஏப்பிரிலிலே அரைமணித்தியாலம் பின்னகர்த்தப்பட்டுப் பழைய நிலைக்கு மீண்டபோது, மக்கள் தம் கடிகாரங்களைத் திருகிச் சரிசெய்தனர். நேரச் சேவையகங்களுக்கோ அதனால் ஒரு மாற்றமும் இல்லை. பொது நேரத்திலிருந்து நாட்டு நேரத்தைக் கணக்கிடும் அட்டவணை மாத்திரமே திருத்தவேண்டியதாயிற்று.

வேறுபாடு அறியப்பட்டபின் கடிகாரத்தைத் திருத்துவது எங்ஙனம் என்பதே அடுத்த வினா. இதற்கு இரு வழிகள் உள. ஒன்று மெல்லத் திருத்துதல், மற்றையது தாவுதல். மெல்லத் திருத்தும்போது கடிகாரம் சற்று விரைவாக அல்லது சற்று மெதுவாக ஓடச் செய்யப்படும். அதன் உச்ச வேகம் செக்கனொன்றுக்கு அரை மில்லிசெக்கன். ஆதலின் ஒரு செக்கனைச் சரிக்கட்ட 2,000 செக்கன், அதாவது அரைமணித்தியாலத்துக்குச் சிறிது கூடிய நேரம் வேண்டும். காலம் எங்கும் அறுபடாமலும் பின்செல்லாமலும் ஓடுமாதலின் இவ்வழி பழுதற்றது. ஆனால் மிக மெதுவானது. 1,000 செக்கன் பிழையை இவ்வழியே நீக்க 23 நாட்கள் செல்லும். தாவுதல் என்பது கடிகாரத்தை ஒரே கணத்தில் உரிய நேரத்துக்கு நகர்த்துதல். அதில் நேரம் பின்னோக்கியும் செல்லக்கூடும். ஆதலின் பிறந்த கடிதம் எழுதப்படுமுன்னரே பெறப்பட்டதாகப் பதிவாவது போன்ற விபரீதங்கள் நேரும். என்.ரி.பி.டி. செய்ந்நிரல் இவ்விரண்டையும் பிரித்தற்கு 128 மில்லிசெக்கனை எல்லையாக வைத்துள்ளது. அதற்குட்பட்ட பிழை மெல்லத் திருத்தப்படும். அதற்கு மேற்பட்டது, இயங்கிக்கொண்டிருக்கும் நிலையில் உடனே ஏற்கப்படாது. சில நிமிடங்கள் நீடித்து நிற்குமாயின் மட்டும் தாவல் நிகழும்.

இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது எல்லை ஒன்று உண்டு. வேறுபாடு 1,000 செக்கனை, அதாவது 16 நிமிடம் 40 செக்கனை, மிஞ்சுமாயின் செய்ந்நிரல் திருத்த முயல்வதில்லை. ‘பெரும் பிழையொன்று நேர்ந்துள்ளது, கடிகாரத்தைக் கையால் திருத்துக’ என்னும் பொருள்படப் பதிவேட்டில் ஒரு குறிப்பெழுதிவிட்டுத் தன் இயக்கத்தை நிறுத்திக்கொள்ளும். இதனைத் திகைப்பு எல்லை என்னலாம். இயங்கிக்கொண்டிருந்த கடிகாரமொன்று திடீரெனக் கால்மணித்தியாலத்துக்கு மேல் பிழைபடுவது இயல்பன்று. ஆகவே அத்தகைய விடை வருமாயின் பிழை பெரும்பாலும் கேட்டவனிடத்தன்று, சொன்னவனிடத்தே என்பது இதனுட் பொதிந்த நியாயம். இவ்வெல்லை வீணான அச்சத்தாற் பிறந்ததன்று என்பதை 2012 நவம்பர் 19 ஆம் நாள் நிகழ்ச்சி காட்டியது. ஐக்கிய அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் புகழ்பெற்ற நேரச் சேவையகங்கள் இரண்டு, அன்று ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவான நேரம், ஆண்டு 2000 என்று கூறிக்கொண்டிருந்தன. பொய் கூறாதவர் என்று நம்பப்பட்டோர் பன்னீராண்டு பின்னே சென்றனர். அவற்றை நம்பிய வழிப்படுத்திகளும் தொலைபேசிப் பரிமாற்றுப் பொறிகளும் அடையாளச் சோதனைச் சேவையகங்களும் பலவிடங்களில் நிலைகுலைந்தன.

திகைப்பு எல்லை நன்று; ஆயினும் அது புதிய இடரொன்றைத் தோற்றுவித்தது. கணனியை அணைத்திருக்கும்போதும் நேரத்தைக் காத்து நிற்பதற்குச் சிறு மின்கலமொன்று அதனுள் உண்டு. அம்மின்கலம் தீர்ந்துபோன கணனி எழும்போது தன் ஆண்டு 1970 என்றோ, தான் உற்பத்தியான ஆண்டு என்றோ கருதிக்கொண்டு எழும். சிறு பலகைக் கணனிகள் சிலவற்றுக்கு அம்மின்கலக் கடிகாரமே இல்லை. இத்தகைய கணனி சேவையகத்தைக் கேட்டவுடன் வேறுபாடு பல ஆண்டுகள் என்று தெரியவரும். அது 1,000 செக்கனை மிஞ்சுவதாற் செய்ந்நிரல் திகைத்து நின்றுவிடும். கடிகாரம் மிகவும் பிழைபட்ட கணனிக்கே திருத்தம் மறுக்கப்படும் என்றாயிற்று. மெல்லத் திருத்துவோம் என்றால், ஐம்பதாண்டுப் பிழையைச் செக்கனுக்கு அரை மில்லிசெக்கனாகச் சரிக்கட்ட ஓரிலட்சம் ஆண்டு வேண்டும்.

இதற்கு மாற்றாகவே செய்ந்நிரலைத் தொடங்கும் கட்டளை வரியிலே ஒரு தெரிவு அமைக்கப்பட்டது. கட்டளை வரி என்பது கணனியை இயக்குவோர் செய்ந்நிரலின் பெயரையும், அது எவ்வாறு நடந்துகொள்ளவேண்டும் என்பதைக் குறிக்கும் சில எழுத்துக்களையும் தட்டெழுதும் வரி. சிறு கோடொன்றும் ‘ஜி’ என்னும் ஆங்கில எழுத்தும் சேர்ந்த இத்தெரிவு கொடுக்கப்படின், வேறுபாடு எத்துணைப் பெரிதாயினும் செய்ந்நிரல் அதனை ஏற்றுக் கடிகாரத்தைத் தாவச் செய்யும். ஆனால் அது ஒருமுறை மட்டுமே நிகழலாம் என்றும், அதன்பின் எல்லை மீறப்படுமாயின் முன்போலவே செய்ந்நிரல் நின்றுவிடும் என்றும் அதன் கைந்நூல் தெளிவாகக் கூறியது. விழித்தெழும் கணத்திலே ஒரு பெருந்தாவல்; அதன்பின் வழக்கமான காவல். இவ்வேற்பாடு எவர்க்கும் நியாயமாகவே தோன்றும். லினக்ஸ் இயங்குதளத்தை வழங்குவோருள் டெபியன், ரெட்ஹட் போன்றோர் இத்தெரிவோடு கூடியே இச்செய்ந்நிரல் தொடங்குமாறு தம் அமைப்புக்களை நெடுங்காலம் வெளியிட்டு வந்தனர். அக்கணனிகளின் உரிமையாளர் பலர் இத்தெரிவைத் தாமே தட்டெழுதியவரல்லர். அத்தகைய தெரிவொன்று உண்டென்பதையே அறிந்திலர்.

2015 ஒக்டோபரில் பொஸ்ரன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் நால்வர், என்.ரி.பி. நெறிமுறையைத் தாக்கும் வழிகளைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். அதிற் கண்ட பலவற்றுள் ஒன்று இத்தெரிவைப் பற்றியது. கைந்நூல் ‘ஒருமுறை’ என்று கூறியதைச் செய்ந்நிரலின் மூலவரிகள் எவ்வாறு நிறைவேற்றுகின்றன என்று அவர்கள் நோக்கினர். அங்கே ‘திகைப்பை விலக்க இசைவு’ என்னும் பொருள்பட்ட பெயருடன் ஒரு மாறி இருந்தது. தெரிவு கொடுக்கப்பட்டிருப்பின் அம்மாறி தொடக்கத்திலே ‘உண்மை’ என்னும் பெறுமானத்தைக் கொள்ளும். அது ‘உண்மை’யாய் உள்ளவரை எத்துணைப் பெரிய தாவலும் ஏற்கப்படும். அது ‘பொய்’ ஆகும் கணம் எது என்பதிலேதான் வழு கிடந்தது. பெருந்தாவல் நிகழ்ந்த கணத்தில் அது ‘பொய்’ ஆக்கப்படவில்லை. கடிகாரம் ஒத்திசைந்த நிலையை அடைந்து, அதன்பின் 128 மில்லிசெக்கனுக்கு உட்பட்ட சிறு திருத்தமொன்று நிகழும்போதே அது ‘பொய்’ ஆயிற்று.

இதனை எழுதியோர் அறியாமல் எழுதினர் என்று கொள்வதற்கில்லை. திருத்தம் தாவல் எல்லைக்குக் குறைந்ததாயிருக்கும்போது இசைவு நீக்கப்படும் என்று அவ்வரிகளுக்கு மேலே குறிப்புரையும் எழுதப்பட்டிருந்தது. அவர்கள் கருத்தில் இருந்த காட்சியை ஊகித்தல் எளிது. கணனி எழுகின்றது; பெருந்தாவலால் நேரம் சரியாகின்றது; அடுத்த விடையில் வேறுபாடு மிகச் சிறிதாகவே இருக்கும்; அப்போது எல்லாம் அமைந்துவிட்டது என்று கண்டு இசைவை நீக்கிவிடலாம். நல்லோர் மட்டுமே விடை கூறும் உலகில் இக்காட்சி ஒருபோதும் பிழைப்பதில்லை. சில நிமிடங்களுள் இசைவு தானே முடிவுறும். ஆகவே கைந்நூல் ‘ஒருமுறை’ என்றதும், மூலவரிகள் ‘அமைதி எய்தும்வரை’ என்றதும் ஒன்றே போலத் தோன்றின; ஆண்டுக்கணக்காக எவரும் அவற்றின் வேற்றுமையைப் பொருட்படுத்தவில்லை. வேற்றுமையோ பெரிது. முன்னையது இசைவு பெற்றவனின் செயலால் முடிவது. பின்னையது விடை கூறுபவனின் ஒழுக்கத்தால் முடிவது. எவனிடமிருந்து காவல் வேண்டப்பட்டதோ அவன் கையிலேயே காவலைத் தொடங்கும் உரிமையும் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

கேட்கும் கணனிக்கும் சேவையகத்துக்கும் இடைவழியில் நின்று பொதிகளை மாற்றவல்ல பகைவன் ஒருவன் செய்யவேண்டியது யாதெனின், அமைதி எய்தவிடாது தடுத்தலே. கணனி எழும்போது முதலிற் சிறு தாவலொன்றுக்கு ஏற்ற விடையை அவன் கொடுப்பான். 128 மில்லிசெக்கனுக்கு மேற்பட்டதும் 1,000 செக்கனுக்குக் குறைந்ததுமான வேறுபாடு அதற்குப் போதும். பத்து நிமிடம் என்று கொள்க. கணனி தாவும். அத்தாவல் பேரெல்லைக்குட்பட்டதாதலின் ஐயத்துக்கும் இடமில்லை. இசைவு இன்னும் ‘உண்மை’யாகவே இருக்கும். அடுத்து அவன் பல ஆண்டு வேறுபட்ட விடையைக் கொடுப்பான். கணனி அதனையும் ஏற்கும். ஆய்வாளர் இதற்குச் ‘சிறுதாவல் பெருந்தாவல்’ என்று பெயரிட்டனர். பல சேவையகங்களைக் கேட்டு ஒப்புநோக்கும் வழக்கம் இங்கே முழுக்காவலாகாது; கணனியிலிருந்து வெளிச்செல்லும் வழியிலேயே பகைவன் நிற்பானாயின் எல்லா விடைகளும் அவன் கையினூடாகவே வரும்; அவை தம்முள் ஒத்தும் இருக்கும்.

எழும் கணத்திலே பெருந்தாவலொன்றை ஏற்பது இத்தெரிவின் இயல்பே. ஆகவே வழு இல்லாதிருப்பினும் பகைவன் முதல் விடையிலேயே பொய் கூறலாமே என்று வினவத் தோன்றும். அது மெய்யே. ஆயினும் ஒருமுறைக்கும் பலமுறைக்கும் இடையில் நடைமுறையிற் பெரும் வேறுபாடு உண்டு. கணனியைப் பழைய ஆண்டொன்றுக்குக் கொண்டுசென்று, அங்கே தன் கருமத்தை முடித்து, மீண்டும் நிகழ்காலத்துக்குக் கொண்டுவர விரும்பும் கள்வனுக்கு இரு பெருந்தாவல்கள் வேண்டும்: போவதற்கு ஒன்று, மீள்வதற்கு ஒன்று. கைந்நூல் கூறியபடி செய்ந்நிரல் ஒழுகியிருப்பின் மீளும் தாவலிலே அது திகைத்து நின்றிருக்கும். நின்றமை கண்டு கணனியைப் பராமரிப்போர் ஆராய்ந்திருப்பர். வழு இருந்தமையால் போக்கும் வரவும் தடையின்றி நிகழக்கூடியனவாயின. தாவல்கள் பதிவேட்டிற் குறிக்கப்படும் என்பது உண்மை. ஆயின் அப்பதிவேட்டின் வரிகளே பொய்யாண்டின் திகதியைத் தாங்கி நிற்குமாதலின் அவற்றைத் தேடிக் காண்பதும் இலகுவன்று.

பழைய ஆண்டுக்குச் செல்வதாற் கள்வனுக்கு வரும் பயன் யாது? இணையத்திலே வங்கியோ அரசாங்கத் திணைக்களமோ தன்னை இன்னாரென்று மெய்ப்பிப்பது எண்முறைச் சான்றிதழொன்றினால். ஒவ்வொரு சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. முடிவு நாள் கடந்த சான்றிதழைக் கணனி ஏற்காது. ஆனால் ‘இன்று எந்நாள்’ என்பதைக் கணனி தன் கடிகாரத்தைப் பார்த்தே அறியும். 2014 ஏப்பிரிலிலே ‘இதயக்கசிவு’ என்று பொருள்படும் பெயரால் அறியப்பட்ட குறையொன்று ஓப்பின் எஸ்.எஸ்.எல். என்னும் மறைக்குறியீட்டு மென்பொருளில் வெளிப்பட்டது. இரகசியத் திறவுகோல்கள் களவு போயிருக்கக்கூடும் என்னும் அச்சத்தால் பெருந்தொகையான சான்றிதழ்கள் அப்போது கைவிடப்பட்டுப் புதியன பெறப்பட்டன. கைவிடப்பட்டவற்றின் திறவுகோலொன்று கள்வன் கையில் இருக்குமாயின், இன்று அது பயனற்றது. கடிகாரம் 2014 க்குப் பின்தள்ளப்பட்ட கணனிக்கோ அச்சான்றிதழ் காலாவதியாகாத சான்றிதழே. நேரத்தை முன்தள்ளினும் தீங்குண்டு: நல்ல சான்றிதழ்கள் எல்லாம் முடிவுற்றனவாகத் தோன்ற, கணனி எவரோடும் பேச மறுக்கும். பூட்டுக்கள் வலியனவாயிருந்தும் அவை யாவும் கடிகாரமொன்றின் சொல்லை நம்பியே திறப்பனவும் மூடுவனவுமாய் இருத்தல் இதனாற் புலனாகும்.

இவ்வழு, வழுக்களைப் பதியும் பொதுப் பதிவேட்டிலே 2015 ஆம் ஆண்டுக்குரிய 5300 என்னும் இலக்கத்தைப் பெற்றது. 2016 சனவரியில் வெளிவந்த 4.2.8 ஆம் பதிப்பின் ஐந்தாம் திருத்த வெளியீட்டில் அது நீக்கப்பட்டது. செய்த மாற்றம் மிகச் சிறிது. திகைப்பின் வாயிலை முன்னதாகவே மூடுதல் என்று அதனைச் செய்ந்நிரல் திட்டத்தார் விவரித்தனர். இசைவு நீங்குவதற்கு அமைதியான திருத்தமொன்று வருமென்று காத்திராமல், அது முற்பட முடிவுறும்படி செய்யப்பட்டது. கைந்நூலில் ‘ஒருமுறை’ என்று கூறிய வாக்கியம் மாற்றப்படவில்லை. செய்ந்நிரலே அவ்வாக்கியத்துக்கு இயையத் திருத்தப்பட்டது. 

இதனால் இடர் முற்றும் தீர்ந்தது என்று கூறுவதற்கில்லை. ‘ஒருமுறை’ என்பது செய்ந்நிரலின் ஒரு வாழ்நாளுக்கு ஒருமுறை என்றே பொருள்படும். அது நின்று மீண்டும் தொடங்குமாயின் புதிய வாழ்நாளும் புதிய அனுமதியும் கிடைக்கும். இக்காலத்துக் கணனிகளிலே, நின்றுபோன செய்ந்நிரல்களைத் தாமே மீளத் தொடக்கும் மேற்பார்வைச் செய்ந்நிரல்கள் உள. பகைவன் பெரும்பொய்யொன்றைக் கூறுகிறான். செய்ந்நிரல் திகைத்து நின்றுவிடுகிறது. மேற்பார்வையாளன் நல்லெண்ணத்தோடு அதனை அதே கட்டளை வரியால் மீளத் தொடக்குகிறான். தொடங்கிய செய்ந்நிரல் அதே பொய்யை இம்முறை ‘ஒருமுறைக்குரிய’ அனுமதியின்கீழ் ஏற்றுக்கொள்கிறது. காவலுக்கென அமைந்த இரு பொறிகள் ஒன்றையொன்று அறியாமையால், ஒன்றன் காவலை மற்றையது அழித்துவிடும். செய்ந்நிரல் திட்டத்தாரும் இதனை மறைத்திலர். எப்போதும் இத்தெரிவோடேயே தொடங்குதல் பரவலான வழக்கமாயினும் தம் நெடுங்காலப் பரிந்துரைக்கு மாறானது என்று அவர்கள் தம் அறிவித்தலிற் குறித்தனர். பரிந்துரை ஓரிடத்தும் வழக்கம் வேறோரிடத்தும் இத்துணைக் காலம் நின்றமைக்கு, அவ்வழக்கத்தைப் பரப்பிய இயங்குதள வழங்குநரும் பொறுப்பாளிகளே.

நோயின் வேர் இன்னும் ஆழமானது. நேரத்தைக் கூறும் பொதிகள் பெரும்பாலும் கையொப்பமின்றியே செல்வன. இடைநின்றோன் அவற்றை மாற்றினும் கேட்டவன் அறியான். முன்னரே பகிர்ந்துகொண்ட இரகசியத் திறவுகோலால் பொதிகளுக்கு முத்திரையிடும் முறை நெடுங்காலமாக உண்டு. ஆயின் உலகிலுள்ள கணனிகள் அனைத்தோடும் இரகசியம் பகிர்தல் ஒரு சேவையகத்துக்கு இயலாதது. இதனைத் தீர்க்கும் பொருட்டு வலையமைப்பு நேரப் பாதுகாப்பு என்னும் முறை 2020 இல் நியமமாக வெளியிடப்பட்டது. அது சான்றிதழ்களைக் கொண்டு சேவையகத்தை மெய்ப்பிக்கின்றது. சான்றிதழ் செல்லுமோ என்று அறிவதற்கு நேரம் வேண்டும். நேரத்தை அறிவதற்குச் சான்றிதழ் வேண்டும். மின்கலம் தீர்ந்து 1970 இல் விழித்தெழும் கணனிக்கு இச்சுழல் இன்றும் ஒரு சிக்கலாகவே உள்ளது.

குறோனி என்னும் பிறிதொரு நேரச் செய்ந்நிரல் இவ்விடத்தில் வேறு வழியைக் கைக்கொண்டது. தாவலுக்குரிய அனுமதியை அது ஓர் எண்ணால் அளக்கின்றது. ஒரு செக்கனுக்கு மேற்பட்ட வேறுபாட்டை முதல் மூன்று திருத்தங்களில் மட்டும் தாவலால் நீக்குக என்று அமைப்புக் கோப்பிலே எழுதினால், நான்காவது திருத்தத்தில் அவ்வனுமதி இல்லை. அதற்கு முன் வந்த விடைகள் அமைதியானவையா அல்லவா என்னும் விசாரணை அங்கே எழுவதில்லை. என்.ரி.பி.டி. செய்ந்நிரலை இன்றும் பயன்படுத்துவோர்க்கும் ஒரு வழி உண்டு. கடிகாரத்தை ஒருமுறை திருத்திவிட்டு உடனே நின்றுவிடுமாறு பணிக்கும் வேறொரு தெரிவு அதற்கு உள்ளது. அது ‘கியூ’ என்னும் எழுத்தாற் குறிக்கப்படும். கணனி எழும்போது அவ்விரு தெரிவுகளையும் சேர்த்து ஒருதடவை இயக்கி நேரத்தைச் சரிசெய்தபின், நிலையாக இயங்கவேண்டிய செய்ந்நிரலை ‘ஜி’ இன்றித் தொடக்கலாம். அவ்வாறு தொடக்கப்பட்டதை மேற்பார்வைச் செய்ந்நிரல் எத்தனை தடவை மீட்டெழுப்பினும் 1,000 செக்கன் எல்லை நிலைத்திருக்கும்.